சுயநிதிக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம்: தொடர்வதா, மாறுவதா?

மன்னைப்பொண்ணு:
மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன சுயநிதிக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருடம். வகுப்பில் 11 பேர்தான். புள்ளியியல் எடுத்த மேடம் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது எச்.ஓ.டி.யே மூன்று பேப்பர் எடுக்கிறார். பாவம், அட்மிஷன் நேரத்தில் ஊர் ஊராக ஆள் பிடிக்கவும் அவரைத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு எம்.ஏ. படிக்க ஆசை. இங்கேயே முடித்தால் மதிப்பார்களா, இல்லை அரசுக் கல்லூரிக்கு மாறிவிடலாமா?

கும்பகோணத்தான்:
நடுவில் மாறுவது பெரிய தலைவலி. அங்கே இடம் காலியாக இருக்கணும், இங்கே டி.சி. தர மனசு வரணும். பேசாமல் டிகிரியை முடித்துவிட்டு குரூப் 2 எழுதுங்கள்.

சர்வேக்காரன்:
மாறாதே தங்கச்சி. நானும் விழுப்புரம் பக்கம் இப்படி ஒரு கல்லூரியில்தான் படித்தேன், இப்போது கிராம சர்வேக்களில் வேலை. ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை ஜெராக்ஸ் கடையில் வாங்காதே. (எங்கள் ஊரில் தலைப்பை மாற்றி பைண்டிங்கோடு தருவார்கள். நன்றியுரையில் போன வருடத்து ஆளின் அப்பா பெயர் அப்படியே இருக்கும்!)

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாம் விசாரித்து எழுதிவரச் சொன்னார். அதில் எங்கள் பக்கத்து இருவேல்பட்டும் உண்டு, பழைய தஞ்சாவூர் ஜில்லா பாலக்குறிச்சியும் உண்டு. 1936-37இல் மறுபடி போய் எழுதினார்கள். அப்புறமும் ஆராய்ச்சியாளர்கள் இருவேல்பட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆரம்பித்தது உன்னைப் போன்ற மாணவர்கள்தான்.

அதே மாதிரி உன் ப்ராஜெக்டுக்கு உன் ஊரில் ஒரு தெருவை எடு, 40 வீடு போதும். ‘எத்தனை ஏக்கர்’ என்று மட்டும் கேட்காதே, டெல்டாவில் பெரியவர்கள் மா கணக்கில்தான் பேசுவார்கள். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். குத்தகையை நெல் மூட்டையில் சொன்னால், மூட்டை எத்தனை கிலோ என்றும் கேட்டு எழுது. பட்டா யார் பெயரில், சாகுபடி செய்வது யார் என்பதைத் தனித்தனிக் கேள்வியாக வை, வில்லங்கமெல்லாம் அங்கேதான் இருக்கும். 2011 சென்சஸில் உன் கிராமத்துக்கே விவசாயி எத்தனை, விவசாயக் கூலி எத்தனை என்று கணக்கு உண்டு, இணையத்தில் இலவசம். ஒப்பிட்டுப் பார். 11 பேர் வகுப்பில் எச்.ஓ.டி. பக்கத்தில் உட்கார்ந்து உன் அட்டவணையைத் திருத்துவார். 60 பேர் இருக்கிற இடத்தில் அதற்கு யாருக்கு நேரம்?

எம்.ஏ.வுக்குத் திருவாரூரிலேயே மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சி.யு.இ.டி. பி.ஜி. என்கிற நுழைவுத் தேர்வு எழுதணும், அந்தத் தேர்வில் கல்லூரிப் பெயருக்கு மார்க் கிடையாது. புள்ளியியலை மட்டும் எப்படியாவது பிடித்துக்கொள்.

கலா டீச்சர்:
ஆலோசனை சரி, ஆனால் ஒரு பெண்பிள்ளை தனியாக வீடு வீடாகப் போவதைத் தம்பி யோசிக்கவில்லை. மகளிர் குழு அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போம்மா. மத்தியான நேரத்தில் போ. ஆண்கள் ‘கடனெல்லாம் இல்லை’ என்பார்கள், வாராவாரம் குழுத் தவணை கட்டுகிற பெண்கள்தான் உண்மைக் கணக்கைச் சொல்வார்கள்.

மன்னைப்பொண்ணு:
நன்றி அண்ணா, நன்றி டீச்சர். தாத்தாவிடம் கேட்டால் மாவுக்கும் கீழே போய் குழியில் ஆரம்பிக்கிறார், 100 குழி ஒரு மாவாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அங்கேயே கேட்டால் நிஜத்தைச் சொல்வார்களா, பக்கத்துத் தெருவுக்குப் போகட்டுமா?