ஃபில்டர் காபியை நிறுத்தினால் படபடப்பு குறையுமா? மூன்றாம் நாளே மோசமாகிவிட்டதே!

நிலாமுற்றம்:

வணக்கம். ஒரு நாள் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை 6 மணிக்கு ஒரு டம்ளர், டிபன் முடிந்ததும் ஒன்று, ஆபீஸில் 11 மணிக்கு இன்ஸ்டன்ட் ஒன்று, ராத்திரி 7 மணிக்கு வீட்டில் இன்னொன்று. வீட்டு ஃபில்டரில் எனக்கு மட்டும் 30 கிராம் தூள். பீபெரியும் ரோபஸ்டாவும் பாதிக்குப் பாதி, சிக்கரி 20 சதவீதம். மத்தியானத்துக்கு மேல் நெஞ்சு படபடப்பு, விரல் நடுக்கம், காரணமில்லாத பயம். நடுராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு.

சனிக்கிழமை காலை டம்ளரோடு மொத்தமாக நிறுத்தினேன். இன்று மூன்றாம் நாள். மண்டை வெடிக்கிறது, யார் பேசினாலும் எரிச்சல், அழுகை முட்டுகிறது. பயமோ குறையவே இல்லை. அப்படியானால் காபி காரணமில்லையா? திரும்பக் குடிக்கலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா?

வேப்பமரத்தடி:

மூன்றாம் நாளை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். நீங்கள் இப்போது அனுபவிப்பது காபி இல்லாத உடம்பின் இயல்பான நிலை இல்லை, காஃபீன் விலகும்போது வருகிற கஷ்டம். இரண்டும் வேறு வேறு.

நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். "போதும், படு" என்று சொல்வது அதுதான். அது போய் உட்காரவேண்டிய ஏற்பிகளில் காஃபீன் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் சோர்வு தெரிவதில்லை. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று காபி நின்றதும் கூடிப்போன ஏற்பிகள் அத்தனையிலும் அடினோசின் வந்து உட்காருகிறது. தலையில் ரத்தக் குழாய்கள் விரிவதால் விண்ணென்று தெறிக்கும் தலைவலி. கூடவே அசதி, எரிச்சல், மனச்சோர்வு, கவனம் நிற்காமை. சிலருக்குக் குமட்டலும் காய்ச்சல் வருகிற மாதிரி உடம்புவலியும்.

கடைசி டம்ளருக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இது ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். மொத்தம் 2 முதல் 9 நாள் வரை நீடிக்கும். இதெல்லாம் மனப்பிரமை என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில் காஃபீன் விலகல் ஒரு தனி நிலையாகவே இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு உச்சம் அநேகமாகத் தாண்டிவிட்டது. தாங்க முடிகிறதென்றால் இப்படியே தொடரலாம், இன்னும் நாலைந்து நாளில் தலை தெளியும். வேலையே ஓடவில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் நாளைக் காலை அரை டம்ளர் மட்டும் குடியுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தலைவலி இறங்கும். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. அங்கிருந்து படிப்படியாக இறங்கிக்கொள்ளலாம்.

தலைவலி மாத்திரை போடுகிறீர்களா? அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் சில மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு 50 மில்லிகிராம் அளவுக்குக் காஃபீனும் இருக்கிறது. ஒரு பக்கம் காபியை விட்டு, மறுபக்கம் மாத்திரையில் அதையே விழுங்கினால் இந்த வாரம் முடியவே முடியாது. வெறும் பாராசிட்டமாலாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. காபி நின்றதும் காலையில் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்த பாலும் சர்க்கரையும் சேர்ந்தே நின்றுவிட்டன. ஆறு மணிக்கு எழுந்து ஒன்பதரை வரை வெறும் வயிறு என்றால் பசியிலேயே கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வோம். ஏழு மணிக்குள் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ உள்ளே போகட்டும். காலைக்கடன் ஒரு வாரம் தடுமாறும். காபி குடலைத் தூண்டிக்கொண்டிருந்தது, அது இல்லாமல் பழக நாளாகும். கொய்யாப்பழம், கீரை, வெந்நீர் போதும்.

வறுவல்கடை:

மேலே சொன்னது சரி. நான் தூள் பக்கம் பேசுகிறேன். எத்தனை டம்ளர் என்று எண்ணிக் குறைக்கப் பார்ப்பவர்கள் பாதியில் தோற்றுப்போவது தூளை நிறுக்காததால்தான். நாலு டம்ளரை இரண்டாக்குவார்கள், டிகாக்ஷனைக் கெட்டியாக்கிக்கொள்வார்கள்.

உங்கள் கணக்கு: 30 கிராம் தூளில் சிக்கரி 6 கிராம், அதில் காஃபீன் கிடையாது. மீதி 24 கிராம்தான் காபி. உங்கள் பீபெரி அரபிக்கா வகை என்று வைத்துக்கொள்கிறேன். அரபிக்காவில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம் காஃபீன். பாதிக்குப் பாதி என்றால் 1.7. ஆக 24 கிராமில் 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். முதல் டிகாக்ஷனும் இரண்டாம் டிகாக்ஷனும் சேர்ந்து அதில் ஐந்தில் நாலு பங்கை இறக்கினால் சுமார் 325. ஆபீஸ் இன்ஸ்டன்ட் 60 என்று வையுங்கள். மொத்தம் 385. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொன்ன அளவு 400 (கர்ப்பிணிகளுக்கு 200). நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். பதற்ற சுபாவம் உள்ளவர்களுக்கு அதற்கு வெகு கீழேயே படபடப்பு வரும்.

குறைக்கும்போது ரோபஸ்டாவை முதலில் நிறுத்துங்கள். கடையில் "அரபிக்கா பீபெரி மட்டும், சிக்கரி தனிப் பொட்டலம்" என்று கேளுங்கள், அரைத்துத் தரும் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். அதே 24 கிராம் காபி போட்டாலும் காஃபீன் கிட்டத்தட்ட முக்கால் பங்குக்கு வந்துவிடும். நாலைந்து நாள் அப்படியே குடியுங்கள். அடுத்த நாலைந்து நாள் காபி 18 கிராம், சிக்கரி 8. அதன் பிறகு 12-க்கு 10. கடைசியாக 6-க்கு 10. ஒரு படியில் தலைவலி வந்தால் அந்தப் படியிலேயே இன்னும் மூன்று நாள் நில்லுங்கள், பழைய அளவுக்குத் திரும்ப வேண்டாம். ஸ்பூன் கணக்கு வேண்டாம். கோபுரமாக எடுத்த ஸ்பூனும் வழித்த ஸ்பூனும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசப்படும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஃபில்டர். சிக்கரி நனைந்ததும் உப்பிக் குழைந்து துளைகளை அடைத்துவிடும். மேல் பாத்திரத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும், கீழே அரை மணிக்கு நாலு சொட்டு. அவசரத்தில் அமுக்கியை அழுத்தினால் இன்னும் இறுகிப்போகும். சிக்கரி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் ஃபில்டரில் காபித்தூளை மட்டும் போடுங்கள். சிக்கரியைத் தனியாக அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு நிமிஷம் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, டிகாக்ஷனோடு கலந்துகொள்ளுங்கள். நிறம், கசப்பு, கெட்டித்தன்மை மூன்றும் சிக்கரியிலேயே பாதி வந்துவிடும். கறுப்பாக இருக்கும் டிகாக்ஷன்தான் ஸ்ட்ராங் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை ஒரு முறை செய்து பார்க்கவேண்டும்.

பாக்கெட் வாங்குபவர்கள் லேபிளைப் பாருங்கள். இந்திய விதிப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சதவீதத்தை அச்சிட்டிருக்கவும் வேண்டும். வழக்கமாக 53:47 வாங்குபவர் ஒரு நாள் 80:20 வாங்கிவிட்டால், அதே ஸ்பூன் கணக்கில் காஃபீன் ஒன்றரை மடங்காகிவிடும். "திடீரென்று இந்த வாரம் படபடப்பு" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரைப்பெட்டி:

சுருக்கமாக, ஆனால் தயவுசெய்து படியுங்கள். லித்தியம் (மனநிலை ஏற்றத்தாழ்வுக்கான மருந்து) சாப்பிடுகிறவர்கள் காபியைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். க்ளோசபின் (மனச்சிதைவுக்கான மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு நேர்மாறாக இறங்கக்கூடும். இருவருமே மருத்துவரிடம் சொல்லாமல் காபி அளவை மாற்றவே கூடாது. ஃப்ளூவாக்ஸமின் என்ற மனநல மருந்தும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் காஃபீன் உடம்பை விட்டுப் போவதைத் தாமதப்படுத்தும், ஒரு டம்ளரே இரண்டு மூன்று டம்ளர் மாதிரி வேலை செய்யும். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காஃபீன் சீக்கிரம் கழியும். அதனால் சிகரெட்டை விட்ட வாரம் அதே காபி படபடப்பைக் கொடுக்கும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர் வெறும் தண்ணீரில் விழுங்கி, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விடவேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் ரத்தசோகையும் இதே படபடப்பு, இதே நடுக்கத்தைத்தான் கொடுக்கும். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கு), ஹீமோகுளோபின் (ரத்தசோகைக்கு) இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், துடிப்பு தவறித் தவறி அடிப்பது இருந்தால் காபிப் பரிசோதனை எல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனை.

நிலாமுற்றம்:

மிக்க நன்றி. மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. அரை டம்ளரிலிருந்து இறங்கும் வழியையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். சாயங்காலம் காபிக்குப் பதில் டீயோ சுக்கு காபியோ குடிக்கலாமா? பயம் குறைந்ததா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

வேப்பமரத்தடி:

டீ வேண்டாம். 2 கிராம் தேயிலைத் தூளை நன்றாகக் கொதிக்கவிட்டால் 50, 60 மில்லிகிராம் வரை இறங்கும். கிரீன் டீயிலும் காஃபீன் உண்டு. காஃபீனின் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மூன்றிலிருந்து ஏழு வரை மாறும். 7 மணிக்கு 100 மில்லிகிராம் போனால் நள்ளிரவில் இன்னும் 50 உள்ளே இருக்கிறது. இரண்டு மணி விழிப்புக்கு முதல் சந்தேகம் அந்த ஏழு மணி டம்ளர்மேல்தான். அதை முதல் நாளிலேயே வெட்டுங்கள். அதன் பிறகு மிச்சத்தையும் பகல் 12 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சுக்கு காபி நல்லது, வீட்டில் போட்டால். கடையிலும் பாக்கெட்டிலும் சில சமயம் காபித்தூள் கலந்திருக்கும். இரண்டு டம்ளருக்கு: ஒரு விரற்கடை சுக்கு, ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, நாலு மிளகு, ஒரு ஏலக்காய். லேசாக வறுத்துத் தட்டி, இரண்டரை டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டாகச் சுண்டும் வரை கொதிக்கவிட்டுக் கருப்பட்டி சேர்த்து வடிகட்டுங்கள். பால் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறிய பிறகு, காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். கருப்பட்டியோடு கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். அதே டவரா டம்ளரில், அதே நாற்காலியில் குடியுங்கள். சாயங்காலம் கை தேடுவதில் பாதி அந்தச் சூடும், டவராவில் ஆற்றிக் குடிப்பதும்தான்.

அளவிடுவதற்கு ஒரு நோட்டு போதும். தினமும் எழுந்ததும் ஒரு முறை, மாலை 4 மணிக்கு ஒரு முறை, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மணிக்கட்டில் ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய தூள் எத்தனை கிராம், பயம் பத்துக்கு எவ்வளவு, ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு. கடைசிப் படி முடிந்து பத்து நாள் வரை கூட்டிக் கழித்துப் பார்க்காதீர்கள், நடுவில் வருவது பெரும்பாலும் காஃபீன் விலகலால் வரும் ஏற்ற இறக்கம். பிறகு முதல் வாரப் பக்கத்தையும் கடைசி வாரப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொதுவாக நடுக்கமும் நெஞ்சடிப்பும் முதலில் அடங்கும், அடுத்து தூக்கம் சீராகும். மனத்தில் ஓடும் கவலை கடைசியில்தான் இறங்கும், சிலருக்கு இறங்காது. காரணம் உண்டு. காபி அட்ரினலினை ஏற்றி நெஞ்சை அடிக்கவைக்கிறது. அந்த அடியை மனது "ஏதோ ஆபத்து" என்று படித்துக்கொள்கிறது. காபி போனால் போவது அந்த அடி. கவலை வேறு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தால் அது அப்படியே இருக்கும்.

வறுவல்கடை:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லாரும் பூஜ்யத்துக்கு வந்தாகவேண்டும் என்று இல்லை. 6 கிராம் பீபெரியில் காலை ஒரு டம்ளர், சுமார் 60 மில்லிகிராம். அந்தப் படியில் நோட்டு நன்றாக இருந்தால் அங்கேயே நிற்கலாம். அதிலும் நாடி ஏறுகிறதென்றால்தான் முழுசாக விடுங்கள்.

மாத்திரைப்பெட்டி:

நோட்டில் நாடியும் தூக்கமும் சரியாகி, பயம் மட்டும் அப்படியே நின்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அழுகை முட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற மாதிரி எண்ணம் வந்தால் பத்து நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.