பிஞ்சு மாங்காய் கொட்டுது, தண்ணி விட்டும் நிக்கல. அவசர உதவி

குப்பம்_செம்மண்:
பூ நல்லா வந்துச்சு, பிஞ்சும் பிடிச்சுது. பத்து நாளா காலையில போய்ப் பாத்தா மரத்தடி பூரா பட்டாணி சைஸ் பிஞ்சு. தண்ணி வாரா வாரம் விட்டுட்டுத்தான் இருக்கேன். இன்னும் ஜாஸ்தி விடணுமா, நிறுத்தணுமா? சொட்டுநீர் போட்டா இந்த வருஷமே பலன் தெரியுமா? தெரிஞ்சவங்க இன்னிக்கே சொல்லுங்க.

நகரி மாந்தோப்பு:
என்ன ரகம், மரத்துக்கு எத்தனை வயசு, எத்தனை அடி இடைவெளி? தண்ணி போரா டேங்கரா? ஒரு மரத்துக்கு எத்தனை லிட்டர், எங்க ஊத்துறீங்க?

இயற்கை வழி:
பஞ்சகவ்யா 3 சதவீதம் தெளிங்க, 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி. நல்லா வடிகட்டி ஊத்துங்க, இல்லன்னா நாசில் அடைச்சுக்கும். பிஞ்சு தானா நிக்கும்.

வி.கோட்டை:
இது போரான்கிற நுண்ணூட்டச் சத்து பத்தாக்குறை. செம்மண்ணுல போரான் நிக்காது. மத்ததெல்லாம் அப்புறம்.

நகரி மாந்தோப்பு:
ரகமே தெரியாம போரான்னு எப்படி முடிவு பண்றீங்க? மொதல்ல அவர் பதில் சொல்லட்டும்.

வேர்_பார்:
ஒவ்வொரு மார்ச் மாசமும் இதே கேள்வி வருது, ஒருத்தரும் அளவு சொல்றதில்ல. "தண்ணி விட்டேன்"னு சொன்னா போதாது தம்பி. எத்தனை லிட்டர்னு அளந்துட்டு வந்து கேளுங்க. இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும். மாமரம் பூக்கிற பூவுல கடைசி வரைக்கும் நிக்கிறது ஒரு சதவீதம்கூட இல்ல. பட்டாணி சைஸ்ல கொஞ்சம் கொட்டுறது மரத்தோட இயல்பு. கோலிக்குண்டு சைஸ் தாண்டியும் கொட்டினாத்தான் கவலைப்படணும்.

குப்பம்_செம்மண்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுப்போச்சு. பெங்களூரா ரகம், 12 வயசு, 30 அடி, மொத்தம் 120 மரம். வாரத்துக்கு ஒரு டேங்கர், 5000 லிட்டர். தூர்ல பாத்தி கட்டி ஊத்துறேன். போர் இருக்கு, தண்ணி கம்மி.

வேர்_பார்:
இப்ப கணக்கு போடலாம். 5000-ஐ 120-ஆல வகுத்தா மரத்துக்கு 41 லிட்டர் சொச்சம். 12 வயசு மரத்தோட நிழல் 5 மீட்டர் அகலம்னு வெச்சா சுமார் 20 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர் ஊத்தினா ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். நீங்க வாரம் முழுக்கக் கொடுக்கிறது 2 மில்லிமீட்டர் மழை. மார்ச் வெயிலுக்கு அது ஒரு நாள்கூடத் தாங்காது.

அதுவும் தூர்ல ஊத்துறீங்க. தண்ணி குடிக்கிற மெல்லிய வேர் தூர்ல இல்ல, நிழலோட வெளிப்பாதியில இருக்கு. தூர் எப்பவும் ஈரமா இருந்தா பட்டை அழுகும், அவ்வளவுதான் மிச்சம்.

நகரி மாந்தோப்பு:
தண்ணியை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. இன்னிக்குக் காலையில விழுந்த பிஞ்சா பத்து பொறுக்கி, பிளேடால நீளவாக்குல ரெண்டா அறுங்க. உள்ள விதை வெள்ளையா, கெட்டியா இருந்தா கரு நல்லாத்தான் இருக்கு, மரம்தான் தாங்க முடியாம உதிர்க்குது. அதுக்குத் தண்ணி கேக்கும். விதை பழுப்பாகி சுருங்கிக் கிடந்தா கருவே கூடல, எவ்வளவு தண்ணி விட்டாலும் நிக்காது.

மேல்தோலையும் பாருங்க. வெள்ளை மாவு மாதிரி இருந்தா சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறுறதுக்குள்ள தெளிச்சு முடிக்கணும். கறுப்புப் புள்ளி குழிஞ்சு இருந்தா பறவைக்கண் நோய். இலை பிசுபிசுன்னு இருந்தா தத்துப்பூச்சி.

பாலாறு_கரை:
நாலு பக்கமும் ஒன்றரை அடி குழி வெட்டி அதுல ஊத்துங்க, ஆழத்துக்குப் போகும்.

நகரி மாந்தோப்பு:
தயவுசெஞ்சு இப்ப குழி வெட்டாதீங்க. பிஞ்சு நிக்கிற நேரத்துல வேரை அறுத்தா இன்னும் கொட்டும். குழி வேலையெல்லாம் அறுவடை முடிஞ்சு, மழைக்கு முன்னாடி. இப்போதைக்கு மேல்மண்ணை இழுத்து ரெண்டு கரை கட்டுங்க. ஒண்ணு நிழல் விளிம்புல அரை அடி உயரத்துக்கு, இன்னொண்ணு தூரைச் சுத்தி. நடுவுல இருக்கிற வளையத்துல மட்டும் தண்ணி நிக்கட்டும். ஊத்தினதும் வேர்க்கடலைத் தோலோ காஞ்ச மாவிலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்க, தூரை ஒட்டாம.

வேர்_பார்:
மரத்துக்கு 250 லிட்டர், பத்து நாளைக்கு ஒரு தடவை. 120 மரத்துக்கு ஆறு டேங்கர். வாரம் ஒரு டேங்கர்தான் முடியும்னா எல்லா மரத்துக்கும் பங்கு போடாதீங்க. பிஞ்சு நிறைய நிக்கிற 40 மரத்தை எடுத்து மரத்துக்கு 125 லிட்டர் கொடுங்க. மிச்சம் மானாவாரியா நிக்கட்டும். காஞ்சு கிடந்த மரத்துக்கு ஒரேயடியா 250 ஊத்தாம, மொதல் தடவை பாதியில ஆரம்பிங்க.

போர் தண்ணியை அளந்தீங்களா? மோட்டார் அரை மணி நேரம் ஓடினப்புறம் 20 லிட்டர் பக்கெட் எத்தனை செகண்டுல நிறையுது?

குப்பம்_செம்மண்:
36 செகண்ட்.

வேர்_பார்:
அப்ப மணிக்கு 2000 லிட்டர். டேங்கரே வேண்டாம். சொட்டுநீரே போடலாம். மணிக்கு 8 லிட்டர் சொட்டுற டிரிப்பர், மரத்துக்கு நாலு, ஆக மணிக்கு 32 லிட்டர். 60 மரத்துக்கு 1920. தோப்பை ரெண்டு வால்வா பிரிச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4 மணி நேரம் ஓட்டினா மரத்துக்கு 128 லிட்டர். தூர்லேர்ந்து 1.75 மீட்டர் தள்ளி வளையம் போடணும். வளையத்துக்கு மட்டும் மரத்துக்கு 11 மீட்டர் 16 மி.மீ. பைப் ஆகும். போர்ல மணல் வந்தா மணல் பிரிப்பானும் ஜல்லடை ஃபில்டரும் கட்டாயம். இப்பவே போட்டாலும் இந்த வருஷக் காய் பருக்கிறதுக்கு உதவும்.

வி.கோட்டை:
மானியத்துல போட்டா செலவு குறையும். தோப்பு ஆந்திரா குப்பத்துல இருந்தாலும், வாணியம்பாடியில வீடு இருந்தா தமிழ்நாட்டுலயே எழுதிப் போடலாம்.

பாலாறு_கரை:
தப்பு. நிலம் எந்த மாநிலத்துல இருக்கோ அங்கதான் மானியம். குப்பம் நிலத்துக்கு ஆந்திரா பட்டாதார் பாஸ்புக் வேணும்.

வி.கோட்டை:
ஆதார் எந்த ஊரு அட்ரஸ்னுதான் பாப்பாங்க.

பாலாறு_கரை:
ஆதார் ஆளுக்கு, பாஸ்புக் மண்ணுக்கு. சொட்டுநீர் மண்ணுல போடுறது.

நகரி மாந்தோப்பு:
எந்த மாநிலமா இருந்தாலும் டிசைனைப் பாத்து வாங்குங்க. கன்னுக்குப் போடுற மாதிரி தூரை ஒட்டி ரெண்டு டிரிப்பர் வெச்சுட்டுப் போயிட்டா 12 வயசு மரத்துக்குப் பத்தாது. வளையம் வேணும்னு எழுதி வாங்குங்க. இலை நுனி கருகியிருக்கான்னும் பாருங்க. டேங்கர் தண்ணி உப்பா இருந்தா நுனியிலதான் மொதல்ல தெரியும். மாமரம் உப்பைத் தாங்காது.

இயற்கை வழி:
பஞ்சகவ்யாவை யாருமே கண்டுக்கல.

வேர்_பார்:
தெளிக்கட்டும், தப்பில்ல. ஆனா தண்ணி இல்லாத மரத்துக்கு இலைவழித் தெளிப்பு ஈடாகாது. பிஞ்சு உதிர்வுக்கே தெளிக்கணும்னா என்.ஏ.ஏ.ங்கிற வளர்ச்சி ஊக்கி 20 பி.பி.எம். (பத்து லட்சத்துல 20 பங்கு); 4.5 சதவீத மருந்து 10 லிட்டருக்கு நாலரை மில்லி. அளவு கூடினா அதுவே பிஞ்சை உதிர்க்கும்.

தம்பி, டிசம்பர்ல தண்ணி விட்டீங்களா? அடுத்த வருஷத்துக்கு அதுதான் முக்கியம். அக்டோபர்லேர்ந்து பூ வர்ற வரைக்கும் மரம் காயணும். அப்ப விட்டா பூவுக்குப் பதிலா துளிர் வரும். பிஞ்சு பிடிச்சதும் ஆரம்பிச்சு, அறுவடைக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி நிறுத்தணும்.

குப்பம்_செம்மண்:
பத்துல ஏழு விதை வெள்ளையாத்தான் இருந்துச்சு. 40 மரத்துக்கு வளையக் கரை கட்டி ரெண்டு தடவை விட்டாச்சு, கொட்டுறது குறைஞ்சிருக்கு. நன்றிங்கண்ணா. பைப் வாங்கப் போறேன்.

நகரி மாந்தோப்பு:
இலை நுனி பாத்தீங்களா?