புதுப்பிப்பு: புத்தாண்டு வாணவேடிக்கை, பிள்ளைகள் பயப்படவில்லை

3 வயது மகளையும் 6 வயது மகனையும் வாணவேடிக்கை பார்க்க, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய கேஎல்சிசி பூங்காவுக்கு அழைத்துப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். போகவில்லை. நள்ளிரவு எல்ஆர்டி ரயில் நெரிசலில் தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதே போதும்.

செந்தூலில் அக்கா வீட்டு 14ஆவது மாடியிலிருந்து பார்த்தோம். இரட்டைக் கோபுரம் அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அதனால் முதல் வெளிச்சம் பூத்து 9 விநாடி கழித்தே 'டும்' வந்தது. மகன் விரல்விட்டு எண்ணி, எட்டிலேயே தங்கையின் காதைப் பொத்திவிட்டான். தீபாவளிக்கு ஒற்றைப் பட்டாசுக்கே வீறிட்டு அழுதவள், கண்ணிமைக்காமல் பார்த்தாள்!

அப்புறம், காதுக் கவசம் வாங்கச் சொன்னவருக்கு நன்றி. கொஞ்ச நேரத்தில் அவளே கழற்றிவிட்டாள். மெர்டேக்கா (சுதந்திர தின) வாணவேடிக்கைக்கும் அக்கா வீடுதான்.