பொதிகாசு: வெள்ளித் தகடு போர்த்திய ரோமானியக் காசுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டெனாரியஸ் எனும் ரோமானிய வெள்ளிக்காசைப் போலவே அச்சடித்து, உள்ளே செம்பும் வெளியே வெள்ளியுமாகப் புழங்கவிட்ட காசுகளைச் சேகரிப்பாளர்கள் ‘ஃபூரே’ என்ற பிரெஞ்சுச் சொல்லால் குறிக்கிறார்கள். இதற்கு ‘போலிக்காசு’, ‘முலாம்காசு’, ‘உட்செம்புக்காசு’ ஆகிய மூன்றும் நம் சொல்லாக்க உரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. ‘பொதிகாசு’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

‘போலிக்காசு’ மிக விரிந்த சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் சேகரிப்பாளர்களை ஏமாற்றுவதற்காக அடித்த காசுகளும் போலிதான். ரோமானியச் சந்தையில் ஒருவன் உப்புக்கும் எண்ணெய்க்கும் கொடுத்து மாற்றிய செம்புக்காசும் போலிதான். முன்னது குப்பைக்குப் போகலாம், பின்னது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய சான்று. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் நல்ல பழங்காசுகளை அறியாமல் ஒதுக்கிவிடுவார்கள். பழைய ரோமானியரே இத்தகைய காசின் மதிப்பை அறிந்திருந்தனர்: கள்ள டெனாரியஸ் ஒன்றை மாதிரிக்காக வாங்க, மக்கள் பல நல்ல டெனாரியஸ்களைக் கொடுத்தார்கள் என்று கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார்.

‘முலாம்’ என்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. முலாம் என்றால் முடிந்த பொருளின்மேல் ஏற்றும் மெல்லிய பூச்சு. இங்கே நடந்த வேலை அதுவன்று. செம்பு வில்லையை முதலில் வெள்ளித் தகட்டால் சுற்றி மூடி, உலையில் சூடேற்றி, அதன் பிறகே அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். வெள்ளி 962 பாகை செல்சியசிலும் செம்பு 1085 பாகையிலும் உருகும். ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஏறத்தாழ 72 பங்கு வெள்ளிக்கு 28 பங்கு செம்பு என்ற அளவில் கலக்கும்போது, 779 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே தனியாகப் பற்றுப்பொடி இல்லாமலே தகடு செம்போடு ஒட்டிக்கொண்டது. இதற்கு நேர்மாறாக, கி.பி. 215இல் பேரரசர் காரகல்லா அறிமுகப்படுத்திய அன்டோனினியானஸ் என்ற காசு, அடுத்த அரை நூற்றாண்டில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவான வெள்ளி கொண்டதாகத் தேய்ந்து, மேலே வெண்மைப் பூச்சோடு அரசாலேயே வெளியிடப்பட்டது. ‘முலாம்காசு’ என்ற பெயரை நியாயமாகக் கேட்கும் உரிமை அந்த அரசுக்காசுக்குத்தான் உண்டு.

இக்காசுகளில் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். உருவத்தின் கன்னமும் மூக்கும் போன்ற மேடான இடங்களிலும் விளிம்பிலும் தகடு கிழிந்து, பச்சைக் களிம்பு வெளியே தள்ளியிருக்கும். சில இடங்களில் வெள்ளி கொப்புளம்போல உப்பியிருக்கும். பூச்சாக இருந்தால் தேய்ந்து மங்கும். தகடாக இருப்பதால்தான் உரிந்து மடிகிறது. வெள்ளியைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் எடையும் காட்டிக்கொடுக்கும்: குடியரசின் பிற்காலத்து நல்ல டெனாரியஸ் ஏறத்தாழ 3.9 கிராம் இருக்க, இவை பெரும்பாலும் அதற்குக் குறைந்தே நிற்கும். ஒரு பேரரசரின் முகமும் வேறொருவர் காலத்துப் பின்புறமும் சேர்ந்து வருவதும் இவற்றில் அடிக்கடி காணும் குறி.

‘உட்செம்பு’ இலத்தீனில் வழங்கும் ‘சுபேராட்டஸ்’ என்பதற்கு மிக நெருக்கமானது; அதை முன்மொழிந்த அம்மையாரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இரும்பும் ஈயமும் உள்ளே கொண்ட காசுகளும் கிடைத்துள்ளன, பொற்காசைப் போலத் தங்கத் தகடு போர்த்தியவையும் உண்டு. உள்ளிருக்கும் உலோகத்தைப் பெயரிலேயே பூட்டிவிட்டால் அவை வெளியே நின்றுவிடும். பொதிதல் என்றால் சுற்றி மூடுதல்; ‘பொதிகாசு’ அந்தச் செய்முறையை மட்டும் சொல்கிறது. வெள்ளிப் பொதிகாசு, பொன் பொதிகாசு, இரும்புக்கருப் பொதிகாசு என்று வேண்டியபடி விரிக்கலாம். சுற்றிய தகட்டைப் ‘பொதிதகடு’ எனலாம். பொதி என்றதும் மூட்டை நினைவுக்கு வரும் என்று ஓர் ஐயா கவலைப்பட்டிருந்தார். மூட்டையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கும் பொதிதல் என்ற வினையே வேர். ‘பொன் பொதிந்த’ என்று இன்றும் தயங்காமல் எழுதுகிறோம்.

காசைச் சோதித்தவருக்கு, அதாவது ‘நும்முலாரியஸ்’ என்பவருக்குப் புதுச்சொல் ஆக்கவே தேவையில்லை. நம்மிடம் ‘வண்ணக்கன்’ இருக்கிறான். சங்கப் புலவர் பெயர்களிலும் அரச்சலூர்க் கல்வெட்டிலும் நிற்கும் சொல் அது. சோதித்து முத்திரையிட்ட காசுப்பையில் ரோமானியர் கட்டிய சிறு எலும்புச் சீட்டுகளில், சோதித்தவன் பெயரோடு ‘பார்த்தான்’ என்ற பொருளில் ‘ஸ்பெக்டாவிட்’ என்று பொறித்திருக்கும். அதற்கு ‘நோட்டம் பார்த்தான்’ என்பது அப்படியே பொருந்துகிறது. கி.மு. 85இல் ரோமானிய அதிகாரி மாரியஸ் கிராடிடியானஸ் காசு நோட்டத்துக்கு ஆணையிட்டபோது, மகிழ்ந்த மக்கள் அவருக்குச் சிலைகள் எழுப்பினார்கள்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. டான்யூப், ரைன் எல்லைப் பகுதிகளில் கிடைக்கும், தகடே இல்லாமல் மட்ட உலோகத்தில் வார்த்த டெனாரியஸ்களைப் பொதிகாசில் அடக்கக் கூடாது. ‘எல்லைக்காசு’ என்று எழுதிப் பார்த்தேன். அது இடத்தைச் சொல்கிறதே தவிர வார்ப்பைச் சொல்லவில்லை. ‘வார்ப்புப்படி’ சரியாக இருக்குமா? உலோகத் தொழில் அறிந்தவர்கள் எழுதுங்கள்.