'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி: பழைய கார் ஸ்டார்ட்டர், இக்னிஷன் அனுபவங்கள்

கொழும்பில் பழைய கார் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய குறிப்புகள் இவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் இடமும் காரும் இருக்கும்.

வெள்ளவத்தை, கேஈ70 கொரோலா

கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மெரைன் டிரைவ் உப்புக்காற்று காரின் பொடியை (தகட்டு உடலை) தின்பதற்கு முன்பே பற்றரி டெர்மினலையும், பற்றரியை எஞ்சினோடும் பொடியோடும் இணைக்கிற எர்த் வயரையும் தின்றுவிடும். எங்கள் கொரோலா காலையில் சாவியைத் திருப்பின உடனே ஸ்டார்ட் ஆகும். காலி வீதி நெரிசலில் ஊர்ந்து பம்பலப்பிட்டிக்குப் போய், ஒரு கடைக்குள் ஏறி இறங்கி வந்து திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. சூடு ஆறும்வரை நடைபாதையில் நிற்க வேண்டியதுதான்.

பார்த்தவர்கள் எல்லோரும் பற்றரி என்றார்கள். ஆனால் சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்கவே இல்லை. பற்றரி இறங்கியிருந்தால் லைட் செத்துப்போகும். ஸ்டார்ட்டருக்குக் கரன்டைத் திறந்துவிடுகிற காந்தச் சுவிட்சான சொலினொயிட்டும் ஒரு 'டக்'கோடு நிற்காமல் 'டகடக' என்று அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கராஜில் ஸ்டார்ட்டரையே மாற்றச் சொன்னார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் பழைய காரின் ஆணிக்குக்கூட ஒரு மரியாதை வந்துவிட்டது. ஸ்டார்ட்டர் விலையைக் கேட்கவேண்டுமா? சரி, பழைய கார்ச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கே போய்ப் பார்ப்போம் என்று காரை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே சந்துக்குள் கடை வைத்திருக்கிற வயரிங் பாஸ் ஒருவர், ஸ்டார்ட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மல்டிமீற்றரை எடுத்தார். கறுப்பு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே வைத்தார், கிளாம்பில் இல்லை. சிவப்பு முனைக்கு எஞ்சின் புளொக்கில் ஒரு போல்ட் தலையைச் சுரண்டி இடம் பிடித்தார். எஞ்சின் பற்றாமல் இருக்க, பிளக்குகளுக்கு ஸ்பார்க் கொடுக்கிற கொயிலின் நடு வயரைக் கழற்றி எர்த் பண்ணிவிட்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய மீற்றர் இரண்டைத் தாண்டியது. "ஏர்த் நே மாத்தையா" (எர்த் இல்லை ஐயா) என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்டார்ட்டருக்குப் போன கரன்ட் பற்றரிக்குத் திரும்ப அந்த எர்த் கேபிளைத்தான் நம்பியிருக்கிறது. லைட்டுகளின் எர்த் பொடியில் தனியாக இருப்பதால் அவை ஜோராக எரியும். கேபிளைக் கழற்றினார். நுனியில் பச்சைப் பொடி. உறையைக் கீறினால் உள்ளே செம்பு கறுத்து, விரலால் நசுக்க உதிர்ந்தது.

புதுக் கேபிள் போட்டதும் பாதிதான் சரியானது. ஓடிச் சூடானால் எப்போதாவது அதே 'டக்'. அப்புறம் அவர் சொலினொயிட்டில் 50 என்று போட்டிருக்கும் சின்ன டெர்மினலில் அளந்தார்: எட்டு வோல்ட் சொச்சம். அந்த வயர் பற்றரியில் இருந்து டாஷ்போர்டுக்குப் போய், நாற்பது வருடம் தேய்ந்த இக்னிஷன் சுவிட்சுக்குள் நுழைந்து திரும்பி வருகிறது. சொலினொயிட் முதலில் இழுக்கும்போது பத்துக்கணக்கில் அம்பியர் கேட்கும். அந்தச் சுவிட்ச் எங்கே தரும்? நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பற்றரி பொசிட்டிவில் இருந்து 50க்கு ஒரு வயரைத் தொட்டார். ஸ்டார்ட்டர் துள்ளிச் சுற்றியது. சின்னக் கரன்டால் பெரிய கரன்டைத் திறந்துவிடுகிற ஒரு ரிலே பூட்டினார், வேலை முடிந்தது. இந்த இரண்டு அளவையும் எடுக்காமல் ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்கிற கராஜை நான் நம்புவதில்லை.

கொட்டாஞ்சேனை, மொரிஸ் மைனர்

எர்த் என்றதும் எங்கள் மாமாவின் மைனர்தான் ஞாபகம் வருகிறது அண்ணா. ஸ்டார்ட் பண்ணப் போக, டாஷ்போர்டில் சோக் கேபிளில் இருந்து புகை! வயரிங் எரிகிறது என்று பற்றரியைக் கழற்ற ஓடினார்கள். பார்த்தால் வயர் ஒன்றும் எரியவில்லை. கிளட்ச் வேலைக்கு கியர்பொக்ஸை இறக்கிய யாரோ, அதற்கும் பொடிக்கும் நடுவில் இருக்கிற எர்த் நாடாவைத் திருப்பிப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். நூறு அம்பியருக்கு மேல் போகிற கரன்ட், வேறு வழியில்லாமல் சோக் கேபிளின் கம்பியால் திரும்பியிருக்கிறது. நல்லகாலம் உறை மட்டும்தான் உருகியது.

மைனர்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அது பிறப்பிலேயே பொசிட்டிவ் எர்த் வண்டி. டைனமோவை எடுத்து அல்டர்னேட்டர் போடும்போது நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவார்கள், ஆனால் கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். கார் ஓடும். ஆனால் பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருந்தால்தான் ஸ்பார்க் லேசாகப் பாயும். தலைகீழானால் ஸ்டார்ட் பண்ணுவதே பாடு.

தெமட்டகொடை, டட்சன் சன்னி

எனக்கு நேர் எதிர்க் கதை. ஸ்டார்ட்டர் அருமையாகச் சுற்றும், எஞ்சினும் பற்றும், சாவியை விட்டவுடன் செத்துவிடும். பெற்றோல் வரவில்லை என்று கார்புரேட்டரைக் கழற்ற ஒருவர் ஸ்பேனரோடு தயாராகிவிட்டார்.

கொயிலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டையாக இருக்கிற பொலாஸ்ட் ரெசிஸ்டர்தான் ஆள். ஓடும்போது அது கொயிலுக்குப் போகிற வோல்ட்டைக் குறைத்துவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரி எப்படியும் இறங்குவதால், அதைச் சுற்றி வேறொரு வயர் கொயிலுக்கு நேரே கரன்ட் கொடுக்கும். ரெசிஸ்டர் உள்ளே அறுந்தால், சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்வரைதான் உயிர். சில நேரம் சுவிட்சின் ஓடு நிலைத் தொடுமுனையும் இதே சேட்டையைச் செய்யும். மாறாக, சாவியை விடுகிற கணத்தில் மட்டும் எஞ்சின் பற்றினால் அந்தச் சுற்று வயர் அறுந்திருக்கிறது.

ரெசிஸ்டரை விட்டு நேர் வயர் இழுத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு போய்ச் சேர அது உதவும், ஆனால் அப்படியே விட்டால் கொயில் கொதிக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கொயிலின் கரன்டைத் திறந்து மூடுகிற பொயின்ட் கருகும். கொயில் மாற்றினால் அதன் தடையை, அதாவது ஓமையும் பாருங்கள்: ரெசிஸ்டரோடு ஓடுகிற கொயில் சுமார் ஒன்றரை ஓம், ரெசிஸ்டர் இல்லாமல் ஓடுவது சுமார் மூன்று. கடையில் இரண்டும் ஒரே டப்பா போலத்தான் இருக்கும்.

மட்டக்குளி, லான்சர்

வெள்ளவத்தை அண்ணா, ரிலேயை எப்படிப் பூட்டினீர்கள்? எனக்கும் அதே 'டக்'. மழை நாளில் இன்னும் மோசம்.

வெள்ளவத்தை, கேஈ70 கொரோலா

தம்பி, ஸ்டார்ட்டருக்குப் போன பழைய மெல்லிய வயரைக் கழற்றி ரிலேயில் 86 என்று போட்டிருக்கும் காலில் கொடுங்கள், 85 எர்த். பற்றரி பொசிட்டிவில் இருந்து தடித்த வயர் ஒன்று 30க்கு, பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸோடு. 87இல் இருந்து அதே தடிப்பில் சொலினொயிட்டின் 50க்கு. ரிலேயின் கால்கள் கீழே பார்க்கிற மாதிரிப் பூட்டினால் தண்ணீர் தங்காது. ஓட்டோ கியர் கார் என்றால் முதலில் நியூட்ரல் சுவிட்சைப் பாருங்கள், 'என்'இல் போட்டுத் திருப்பினால் தெரிந்துவிடும். மழையில் ஸ்டார்ட்டர் சுற்றியும் பற்றாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே துடையுங்கள், கறுப்பாக மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தால் மூடியை மாற்ற வேண்டியதுதான். எர்த்தை அளந்துவிட்டு என்ன காட்டியது என்று இங்கேயே எழுதுங்கள்.