புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மூக்குச் சக்கரம் உடைந்த கதை

போன மாதம் எழுதியிருந்தேன்: பயிற்சியில் சிறு விமானத்தை இறக்கும்போது மூன்று முறை எகிறி, மூக்குச் சக்கரம் மடிந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நலம் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. கழுத்து வலி போய்விட்டது.

இப்போது அதைத் திருத்த வேண்டும். இந்தக் கணவாயில் ஆடிக் காற்று பொல்லாதது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காற்று என்னை ஒரு முறைதான் எகிற வைத்தது. முதல் எகிறலில் பயந்து நான் ஸ்டிக்கை, அதாவது விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, முன்னால் தள்ளிவிட்டேன். மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொட்டது, விமானம் இன்னும் உயரமாக எகிறியது. மறுபடி தள்ளினேன். மூன்றாவதில் முறிந்தது. 600 கிலோவுக்குள் அடங்கும் விமானம் இது, வேகம் சட்டென்று வடிந்துவிடும். எகிறினால் முழு விசை கொடுத்து மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்குவதுதான் வழி. பயிற்சியாளர் அண்ணன் அதை எத்தனையோ முறை சொல்லியிருந்தார்.

நேற்று கொட்டகையில் பார்த்தேன். மூக்குச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை பின்பக்கம் வளைந்திருக்கிறது, புரொப்பல்லர் நுனிகள் தும்பு தும்பாகப் பிரிந்திருக்கின்றன. சுற்றும்போதே தரையில் அடித்ததால் கியர்பாக்ஸையும் பிரித்துப் பார்க்க வேண்டுமாம்.

அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த வாரம் அண்ணனோடு மறுபடி ஏறுகிறேன், அதிகாலையில், காற்று எழும்புவதற்கு முன்னால்.