சிறுகோளில் ‘சுரங்கம்’ வேண்டாம். ‘வளமெடுப்பு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பூமிக்கு அருகில் வந்துபோகும் சிறுகோள்களுக்கு ஆளில்லாக் கலங்களை அனுப்பி, அங்குள்ள பொருளை எடுத்துப் பயன்படுத்தும் தொழிலுக்கு இந்த இழையில் இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன: ‘சிறுகோள் சுரங்கம்’, ‘விண்கல் அகழ்வு’. இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை.

விண்கல் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வானிலிருந்து தரையில் வந்து விழுந்த கல்லுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். குறுங்கோள் என்பதும் புளூட்டோ, சீரிஸ் வகைக்குப் போய்விட்டது. சிறுகோள் நன்றாக நிலைத்த சொல், அது அப்படியே இருக்கட்டும்.

சிக்கல் சுரங்கத்தில்தான். ‘நெய்வேலியில் இருப்பது திறந்த குழிதானே, அதையும் சுரங்கம் என்றுதானே சொல்கிறோம்’ என்று இந்த இழையில் ஓர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சொல்லின் பொருள் விரிந்திருப்பது உண்மை. ஆனால் நெய்வேலியிலும் நிலத்தை வெட்டுகிறோம். வெட்டும் பொறி தன் எடையால் தரையில் ஊன்றி நிற்கிறது. சுரங்கம், அகழ்வு இரண்டுக்குமே அந்த ஊன்றல் வேண்டும். சிறுகோளில் அது கிடையாது. பென்னு என்ற சிறுகோளின் விட்டம் ஏறக்குறைய 490 மீட்டர். அதன் ஈர்ப்பு எவ்வளவு குறைவு என்றால், நொடிக்கு சுமார் 20 செ.மீ. வேகத்தில் மேலே எழும் பொருள் திரும்பி வராமலே போய்விடும். அங்கே தரையை ஓங்கிக் குத்தினால் குத்திய கலமே பின்னால் தள்ளப்படும்.

அங்கே போன கலங்கள் எப்படிப் பொருளை எடுத்தன என்று பார்த்தாலே இது விளங்கும். நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் 2020 அக்டோபர் 20 அன்று பென்னுவைத் தொட்டது. அது தரையிறங்கி நிற்கவே இல்லை. நீட்டிய கையின் முனை சில நொடிகள் தரையில் பட்டது, நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சியது, கிளம்பிய துகள்களைப் பிடித்துக்கொண்டு கலம் மேலே எழுந்துவிட்டது. அந்தச் சில நொடிகளிலேயே கை ஏறத்தாழ அரை மீட்டர் உள்ளே போயிருந்தது. காரணம், பென்னு ஒரே பாறை அல்ல, தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கும் கற்குவியல். உந்துபொறிகளை இயக்கியிராவிட்டால் கலம் இன்னும் புதைந்திருக்கும். அப்புறம், பிடித்த கற்கள் மூடியில் சிக்கிக்கொள்ள, துகள்கள் வெளியே சிந்தத் தொடங்கின. அவசரமாக அந்த முனையைப் பூமிக்குத் திரும்பும் பெட்டிக்குள் வைத்து அடைத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

ஜப்பானின் ஹயபுசா2 வேறு வழியில் போனது. ரியுகு என்ற சிறுகோளின் மேல் டான்டலம் என்ற உலோகத்தாலான சிறு குண்டைச் சுட்டு, சிதறியதை ஏந்திக்கொண்டது. 2019 ஏப்ரலில் 2 கிலோ செம்பை நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பள்ளம் ஒன்றையும் உண்டாக்கியது. 10 மீட்டருக்கு மேல் அகலமான பள்ளம்! ஜூலையில் அதன் அருகே மறுபடி இறங்கி, உள்ளிருந்து சிதறிய பொருளையும் எடுத்தது. பீய்ச்சுதல், சுடுதல், மோதுதல் எல்லாம் இதில் உண்டு, தோண்டுதல் மட்டும் இல்லை. இப்படித் தொட்டவுடன் எழும் முறைக்குத் ‘தொட்டெழல்’ என்று வைக்கலாம்.

இனி வரப்போகும் திட்டங்கள் தோண்டலிலிருந்து இன்னும் விலகிப் போகின்றன. சிறிய சிறுகோள் ஒன்றை முழுதாகப் பைக்குள் அடைத்து, சூரிய ஒளியைக் குவித்துச் சூடாக்கி, வெளிவரும் நீராவியைப் பிடித்து உறையவைக்கலாம் என்கிறது ஒரு வழி. களிமண் வகைக் கனிமங்களுக்குள் பிணைந்திருக்கும் நீர்தான் இலக்கு. நீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும், விண்வெளியிலேயே எரிபொருள் தயார். இதைச் சுரங்கம் என்று எழுதினால் படிக்கும் மாணவன் மனதில் தப்பான படம்தான் விழும்.

‘அள்ளல்’ என்ற சொல்லையும் யோசித்துப் பார்த்தேன். ஆற்றில் ‘மணல் அள்ளுகிறார்கள்’ என்றுதானே ஊரில் சொல்வார்கள். ஆனால் நீராவியைப் பிடிப்பது அள்ளலில் அடங்காது, பழந்தமிழில் அள்ளலுக்குச் சேறு என்ற பொருளும் உண்டு. ‘கனிமமெடுப்பு’ என்றால் பிளாட்டினம் போன்ற உலோகங்களுக்குச் சரியாக வரும், நீருக்கு முழுதாகப் பொருந்தாது. அதனால்தான் ‘வளமெடுப்பு’ என்கிறேன். கணக்கெடுப்பு, தத்தெடுப்பு என்று நாக்குக்குப் பழகிய அமைப்பு. வளமெடுப்புக் கலம், வளமெடுப்பு உரிமை என்று நீட்டவும் எளிது.

இன்னொரு வலுவான காரணம் சட்டம். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் வான்பொருள்களைத் தன் மண் என்று சொந்தம் கொண்டாட முடியாது. 2015இல் அமெரிக்கா, 2017இல் லக்சம்பர்க், 2021இல் ஜப்பான் இயற்றிய சட்டங்கள், எடுத்த வளம் எடுத்தவருக்குச் சேரும் என்ற வகையில் அமைந்தவை. சிறுகோள் யாருக்கும் சொந்தமில்லை, எடுத்த வளத்துக்கு மட்டும் உரிமை உண்டு. இந்த வேறுபாட்டைச் ‘சுரங்க உரிமை’ என்ற சொல் குழப்பிவிடும். நம் ஊரில் சுரங்க உரிமை என்றால் நிலத்தோடு கட்டுண்ட ஒன்று.

வளம் என்றால் சூரிய ஒளியும் வளம்தானே என்று இந்த இழையில் ஓர் அம்மா எழுதியிருந்தார். சரிதான். ஆனால் ‘சிறுகோள் வளமெடுப்பு’ என்று முன்னால் சிறுகோள் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

வளமெடுப்பையும் ஆய்வுக்கு மாதிரி கொண்டுவருவதையும் ஒரே சொல்லால் குறிப்பதை நாம் நிறுத்த வேண்டும். ஹயபுசா2 2020இல் கொண்டுவந்தது 5.4 கிராம், ஓசைரிஸ்-ரெக்ஸ் 2023இல் கொண்டுவந்தது 121.6 கிராம். இவற்றைத் தொழில் என்று எழுதுவது பிழை. ‘மாதிரி மீட்பு’ என்றும் எழுதுகிறார்கள். தொலைந்ததையோ ஆபத்தில் இருப்பதையோதான் மீட்போம். ‘மாதிரி கொணர்தல்’ போதும், அதைச் செய்யும் கலத்துக்குக் ‘கொணர்கலம்’. சீனா 2025 மே மாதம் காமோஓலேவா என்ற சிறுகோளை நோக்கி அனுப்பிய தியான்வென்-2 ஒரு கொணர்கலம். அதே ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்ட்ரோஃபோர்ஜ் நிறுவனம் அனுப்பி, தொடர்பு அறுந்துபோன ‘ஓடின்’ என்பதோ, வளமெடுப்பை நோக்கிய முன்னோடிக் கலம்.

‘புவியருகு சிறுகோள்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சூரியனுக்கு 1.3 வானியல் அலகு, அதாவது சுமார் 19.5 கோடி கி.மீ. தொலைவுக்குள் பாதை வந்துபோனால் இந்த வகையில் சேர்த்துவிடுகிறார்கள். இப்போது அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓசைரிஸ்-ரெக்ஸ் தொட்ட அன்று பென்னு நம்மிடமிருந்து ஏறத்தாழ 32 கோடி கி.மீ. தள்ளி இருந்தது, செய்தி போய்ச்சேரவே 18 நிமிடத்துக்கு மேல் ஆனது. ‘புவியணுகு சிறுகோள்’ என்றால் வினைத்தொகை. அணுகிய, அணுகுகிற, அணுகும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்றுவரை எவரும் எந்தச் சிறுகோளிலும் வளமெடுப்பைத் தொழிலாகச் செய்யவில்லை. தொழில் வருவதற்கு முன்பே நல்ல சொல்லை வழக்கில் விட நமக்கு நேரம் இருக்கிறது. பாடநூலிலும் செய்தித்தாளிலும் ‘சுரங்கம்’ வேர்விட்டுவிட்டால் பிறகு பிடுங்குவது கடினம்.

வளமெடுப்பு, கொணர்கலம், தொட்டெழல், புவியணுகு சிறுகோள் ஆகிய நான்கையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். குறிப்பாகத் தொட்டெழலைவிடத் ‘தொட்டுமீளல்’ நன்றாக இருக்குமா என்று ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடமிருந்து கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.